ஓவர்ஸ்டே ஆகி (அனுமதிச்ச தேதிக்கு மேல தங்கி) திரும்பி வந்தவங்க மறுபடி அமெரிக்கா போய் பிள்ளைங்கள பாக்க முடியுமா? 180 நாள், 3 வருஷம், 10 வருஷம் கணக்கு

எங்க பெரியம்மாவோட பழைய பாஸ்போர்ட்ட இன்னும் பத்திரமா வச்சிருக்கோம். அதுல அமெரிக்க விசா ஒட்டின பக்கத்துல 2021 வரைக்கும்னு தெளிவா இருக்கும், ரெண்டு பக்கம் தள்ளி ஸ்டேப்ளர் பின் குத்தின தடம் ரெண்டு இருக்கும், அங்க ஒரு சின்ன வெள்ளைக் கார்டு இருந்துச்சு, திரும்பி வரும்போது ஏர்லைன்ஸ் கவுன்ட்டர்ல பிச்சு எடுத்துக்கிட்டாங்க. அந்தக் கார்டுலதான் ஜூலை 9, 2013னு தேதி போட்டிருந்துது. வீட்ல ஒருத்தர் கூட அதைப் பாக்கல, எல்லாரும் 2021-ஐத்தான் பாத்தோம்.

பெரியம்மா கும்பகோணத்துல டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவங்க. அக்கா நியூ ஜெர்சில எடிசன்ல இருக்கா. அவளுக்குப் பிரசவம் பாக்க 2013 ஜனவரி 10 அன்னிக்கு பெரியம்மா போய் இறங்கினாங்க, குழந்தை எட்டாம் மாசமே பொறந்துடுச்சு, அஞ்சு வாரம் ஆஸ்பத்திரிலயே இருந்துச்சு, அதுக்கப்புறம் அக்காவ தனியா விட்டுட்டு வர மனசே வரல. கிளம்பினது 2014 பிப்ரவரி 20. அதுக்கப்புறம் அந்தப் பேத்திய மறுபடி தொட்டுப் பாக்க நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு. இதே மாதிரி கதை எத்தனை வீட்ல இருக்குன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, ஆனா யாரும் வெளிய சொல்ல மாட்டாங்க, ஏதோ குற்றம் பண்ணிட்ட மாதிரி கூனிக் குறுகி இருப்பாங்க, இல்லன்னா "இனிமே ஜென்மத்துக்கும் போக முடியாது"ன்னு யாரோ சொன்னத நம்பி அப்படியே விட்டுடுவாங்க. அதுக்காகத்தான் இதை எழுதறேன். நான் வக்கீல் இல்ல, ஆனா இந்தக் கணக்க வருஷக்கணக்கா உக்காந்து படிச்சிருக்கேன், முதல் தடவை கேக்கறவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிப் பாக்கறேன்.

முதல்ல எல்லாரும் சறுக்கற இடம். விசாவுல இருக்கற தேதி வேற, தங்கறதுக்குக் கொடுத்த தேதி வேற. விசாங்கறது அந்த ஊர் வாசல்ல போய் நின்னு கதவத் தட்டறதுக்கான அனுமதி, அவ்ளோதான். பத்து வருஷ விசான்னா பத்து வருஷத்துக்குள்ள எப்ப வேணாலும் போய் தட்டலாம்னு அர்த்தம், பத்து வருஷம் தங்கலாம்னு அர்த்தம் இல்ல. எவ்ளோ நாள் உள்ள இருக்கலாம்ங்கறத ஏர்போர்ட்ல இருக்கற இமிக்ரேஷன் ஆபீசர் முடிவு பண்ணுவார், அந்தப் பதிவுக்குப் பேர்தான் ஐ-94. சுத்திப் பாக்க, சொந்தக்காரங்களப் பாக்கன்னு பி-2 விசாவுல போறவங்களுக்கு வழக்கமா ஆறு மாசம் தருவாங்க. பெரியம்மா போனப்ப அது வெள்ளைக் கார்டு. அந்த 2013-லயே கொஞ்ச மாசம் கழிச்சு விமானத்துல வர்றவங்களுக்கு அதை ஆன்லைன்ல மாத்திட்டாங்க, இப்போ கையில எதுவும் தர மாட்டாங்க, நாமளா அவங்க வெப்சைட்டுல பாஸ்போர்ட் நம்பரப் போட்டு எடுத்துக்கணும். அப்பா அம்மாவ கூட்டிட்டுப் போற பிள்ளைங்க இறங்கின அன்னிக்கே அதை எடுத்துப் பாத்துடுங்க, சில சமயம் ஆறு மாசத்துக்குப் பதிலா குறைச்சலா போட்டிருப்பாங்க, தப்பா பதிவாகறதும் உண்டு.

இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னா அந்த தேதி முடியறதுக்குள்ள ஐ-539ங்கற ஃபாரத்த போட்டு நீட்டிப்பு கேக்கலாம். நேரத்துக்குள்ள போட்டுட்டா, அதுல உண்மையான காரணம் இருந்து, அனுமதி இல்லாம வேலை எதுவும் பாக்காம இருந்தா, அது முடிவாகாம கிடக்கற காலத்த சட்டவிரோத தங்கல்னு எண்ண மாட்டாங்க. குறைமாசக் குழந்தை, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுன்னு எங்ககிட்ட நியாயமான காரணம் இருந்துச்சு. ஆனா யாருக்கும் தெரியல. டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ்காரர்கிட்ட அத்தான் போன்ல கேட்டப்ப "விசா 2021 வரைக்கும் இருக்கே, அப்புறம் என்ன"ன்னு சொல்லிட்டார், அந்த ஒரு வார்த்தையத்தான் எல்லாரும் நம்பினோம்.

இப்போ மெயின் விஷயத்துக்கு வர்றேன். அமெரிக்காவுல 1996-ல ஒரு சட்டம் போட்டாங்க, அதோட இந்தப் பகுதி 1997 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறைக்கு வந்துச்சு. அதுல வர்ற வார்த்தைதான் 'அன்லாஃபுல் பிரசன்ஸ்', அதாவது சட்டப்படி அனுமதி இல்லாம உள்ள இருந்த நாட்கள். அதை நாள் கணக்கா எண்ணுவாங்க. ஒரே தங்கல்ல 180 நாளுக்கு மேல, ஆனா ஒரு வருஷத்துக்குக் குறைவா இருந்துட்டு, கோர்ட்டுல வெளியேத்தற கேஸ் தொடங்கறதுக்கு முன்னாடி தானா கிளம்பிட்டா 3 வருஷத் தடை. ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ இருந்துட்டுக் கிளம்பினா 10 வருஷத் தடை. 180 நாளோ அதுக்குக் கீழயோ இருந்தா இந்த ரெண்டு தடையுமே கிடையாது.

பெரியம்மா கணக்க போட்டுப் பாருங்க. ஜூலை 9 வரைக்கும் சரி. ஜூலை 10-ல இருந்து எண்ணணும், ஜூலைல 22 நாள், ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30, அக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பர் 31, ஜனவரி 31, பிப்ரவரி 19 வரைக்கும் 19, மொத்தம் 225. அதாவது 180-ஐ 45 நாள் தாண்டிட்டாங்க. இதுல எனக்கு இன்னைக்கும் வயித்தக் கலக்கற விஷயம் என்னன்னா, அவங்களுக்கு முதல்ல டிசம்பர் 28-க்கு டிக்கெட் பாத்திருந்தோம். அன்னிக்குக் கிளம்பியிருந்தா 171 நாள்தான், தடையே வந்திருக்காது. "குழந்தைக்கு முதல் பொங்கல், இருந்துட்டுப் போம்மா"ன்னு அக்கா சொன்னா, பொங்கல் முடிஞ்சா பனி கொட்ட ஆரம்பிச்சுடுச்சு, அப்புறம் டிக்கெட் விலை, அப்படியே பிப்ரவரி ஆயிடுச்சு. யாரையும் குத்தம் சொல்ல முடியாது, எந்த அம்மாவா இருந்தாலும் அந்தப் பொங்கலுக்கு இருந்திருப்பாங்க. அந்தப் பொங்கலுக்கு விலை மூணு வருஷம்.

எல்லாத் தங்கலையும் கூட்டி 180 பாப்பாங்களான்னு நிறைய பேர் கேப்பாங்க. இல்ல, 3 வருஷ, 10 வருஷ தடைக்கு ஒவ்வொரு தங்கலும் தனித்தனி. 2008-ல 100 நாள், 2012-ல 100 நாள்னா ரெண்டையும் சேத்து 200ன்னு எண்ண மாட்டாங்க. ஆனா மொத்தமா ஒரு வருஷத்துக்கு மேல அப்படி இருந்துட்டு வெளிய போய், அப்புறம் எல்லைய திருட்டுத்தனமா தாண்டி மறுபடி உள்ள வந்தவங்களுக்கு நிரந்தரத் தடைன்னு ஒண்ணு இருக்கு, அதுல கூட்டித்தான் எண்ணுவாங்க. கோர்ட் உத்தரவு போட்டு வெளியேத்தினவங்களுக்கும் 5, 10, 20 வருஷம்னு வேற ஒரு கணக்கு. அந்த ரெண்டு வகைக்கும் நான் இங்க எழுதறது பத்தாது, நல்ல இமிக்ரேஷன் லாயர்கிட்டதான் போகணும்.

'ஸ்டேட்டஸ் போச்சு'ங்கறதும் 'அன்லாஃபுல் பிரசன்ஸ்'ங்கறதும் ஒண்ணு இல்ல. இது பலருக்கு நிம்மதி தரக்கூடிய விஷயம், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன். செந்தில்னு ஒரு பையன்னு வச்சுக்குவோம், ஹெச்-1பிங்கற வேலை விசாவுல போனவன், மார்ச்ல வேலை போயிடுச்சு, 60 நாள் அவகாசமும் முடிஞ்சுடுச்சு, ஆனா ஐ-94ல டிசம்பர் வரைக்கும் தேதி இருக்கு. மே மாசத்துலயே அவன் ஸ்டேட்டஸ் போயிடுச்சுன்னு சொல்லலாம், ஆனா இந்த 180 நாள் மீட்டர் பொதுவா ஐ-94 தேதி முடிஞ்ச மறுநாள்தான் ஓட ஆரம்பிக்கும், இல்லன்னா இமிக்ரேஷன் ஆபீஸோ இமிக்ரேஷன் ஜட்ஜோ "நீ விதிய மீறிட்டே"ன்னு முடிவு சொன்ன மறுநாள்ல இருந்து. மாணவர்கள் கதை இன்னும் வேற. எஃப்-1ல போனவங்களுக்கு ஐ-94ல தேதியே இருக்காது, படிப்பு இருக்கற வரைக்கும்ங்கற அர்த்தத்துல 'டி/எஸ்'னு போட்டிருக்கும், அவங்களுக்கு யாராவது அப்படி முடிவு சொல்லாத வரைக்கும் மீட்டர் ஓடாது. 2018-ல இதை மாத்தப் பாத்தாங்க, கோர்ட் தடுத்துடுச்சு. 2025 ஆகஸ்ட்ல மாணவர்களுக்கும் தேதி போடணும்னு ஒரு முன்மொழிவு வந்துச்சு, அதனால யாரோ சீனியர் சொன்னத வச்சு முடிவு பண்ணாம உங்க ஐ-94ல என்ன இருக்குன்னு பாத்துக்கங்க. அப்புறம் 18 வயசு ஆகற வரைக்கும் பிள்ளைங்களுக்கு இந்தக் கணக்கே ஓடாது. அகதி விண்ணப்பம் போட்டு அது நிலுவைல இருந்த காலத்தையும் பொதுவா எண்ண மாட்டாங்க, அனுமதி இல்லாம வேலை பாத்திருந்தா அது வேற.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம், இப்ப அங்கயே இருக்கறவங்களுக்கு. இந்த 3, 10 வருஷத் தடை கிளம்பும்போதுதான் விழும். அங்க இருக்கற வரைக்கும் நாள் மட்டும் சேந்துக்கிட்டே இருக்கும், காலை வெளிய எடுத்து வச்ச அந்த நிமிஷம் தடை ஆரம்பிக்கும். அதனால 180 நாள் நெருங்கறவங்க அதுக்குள்ள கிளம்பறதா, இல்ல அமெரிக்க குடியுரிமை உள்ள கணவனோ மனைவியோ 21 வயசு தாண்டின பிள்ளையோ இருக்கறதால அங்கயே வேற வழி இருக்கான்னு டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒரு லாயர்கிட்ட கேட்டுடணும். பதட்டத்துல ஓடி வந்துட்டு அப்புறம் கேக்கறவங்கதான் அதிகம்.

சரி, பெரியம்மாவுக்கு தடை 2014 பிப்ரவரி 20-ல ஆரம்பிச்சு 2017 பிப்ரவரி 20-ல முடிஞ்சுது. நாங்க ஏதோ ஜெயில் தண்டனை முடிஞ்ச மாதிரி அந்த தேதிக்காக காத்துக்கிட்டிருந்தோம், தேதி முடிஞ்சா பழைய விசாவுலயே போயிடலாம்னு கூட அத்தான் நினைச்சுக்கிட்டிருந்தார், 2021 வரைக்கும் இருக்கேன்னு. அங்கதான் ரெண்டாவது விஷயம். ஐ-94 தேதிய ஒரே ஒரு நாள் தாண்டினாலும் அந்த விசா செல்லாமப் போயிடும். முத்திரை அடிச்சு ரத்துன்னு யாரும் போட மாட்டாங்க, பாக்க நல்லாவே இருக்கும், ஆனா சட்டப்படி அது வெத்துக் காகிதம். மறுபடி புதுசா விசா கேக்கணும், அதையும் பொதுவா சொந்த நாட்டுலதான் கேக்கணும், துபாய்ல வேலை பாக்கறேன் அங்கயே போட்டுக்கறேன்னா முடியாது. 180 நாளுக்குள்ள திரும்பினவங்களுக்கும் இது உண்டு. எத்தனையோ பேர் அந்தப் பழைய விசாவோட ஃப்ளைட் ஏறிப் போய் அங்க ஏர்போர்ட்லயே திருப்பி அனுப்பப்பட்டிருக்காங்க, வயசானவங்களுக்கு அதை விட பெரிய வேதனை இல்ல.

புது விசாவுக்கு டிஎஸ்-160 ஃபாரம் போடணும். அதுல ஒரு கேள்வி வரும், நீங்க எப்பவாவது அனுமதிச்ச காலத்துக்கு மேல தங்கியிருக்கீங்களா, விசா நிபந்தனைய மீறியிருக்கீங்களான்னு. எங்களுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுக்க வந்தவர் "இல்லன்னு போட்டுடுங்கம்மா, நாலு வருஷம் ஆச்சு, அவங்களுக்கு என்ன தெரியப் போகுது"ன்னார். பெரியம்மா ஒத்துக்கல. "நான் முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் சொன்னவ, அதுல பொய் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன்"னுட்டாங்க. அது எவ்ளோ பெரிய காரியம்னு அப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது. ஓவர்ஸ்டேக்கு 3 வருஷம், 10 வருஷம்னு ஒரு முடிவு உண்டு. ஆனா விசா வாங்கறதுக்காக முக்கியமான விஷயத்துல பொய் சொன்னாங்கன்னு ஒரு தடவை பதிவாயிட்டா அதுக்கு வருஷக் கணக்கே கிடையாது, ஆயுசுக்கும். அவங்களுக்குத் தெரியாமலும் இருக்காது, ஏர்லைன்ஸ் கொடுக்கற பயணிகள் பட்டியல்லயே யார் எப்ப வந்தாங்க எப்ப போனாங்கன்னு போயிடும். மூணு வருஷத்துல கழியற தப்ப ஆயுள் தப்பா மாத்தறதுக்குக் காசு கொடுத்து ஆள் வைக்காதீங்க.

அந்தப் பதிவு சில சமயம் நமக்கு எதிரா தப்பாவும் இருக்கும், அதையும் சொல்லணும். அமெரிக்காவுல கிளம்பும்போது பாஸ்போர்ட்ல முத்திரை குத்தற வழக்கம் இல்ல. நம்ம வெளியேறினது சரியா பதிவாகலன்னா நாம இன்னும் அங்கயே இருக்கற மாதிரி காட்டும். அப்போ நமக்குக் கை கொடுக்கறது சென்னை ஏர்போர்ட்ல இறங்கினப்ப நம்ம இமிக்ரேஷன்ல குத்தின முத்திரையும் போர்டிங் பாஸும்தான். பாஸ்போர்ட் புதுப்பிச்சா பழசத் தூக்கிப் போட்டுடாதீங்க. எந்த ஆதாரமும் இல்லாதவங்க, என்னைக்கு வந்தோம் போனோம்னே மறந்தவங்க, நம்ம ஊர் தகவல் அறியும் உரிமைச் சட்டம் மாதிரி அங்கயும் 1966-ல போட்ட சட்டம் ஒண்ணு இருக்கு, அதுல அந்த ஊர் இமிக்ரேஷன் துறைகிட்ட தன்னோட ஃபைலக் கேட்டு வாங்கலாம். ஞாபகத்துல இருந்து தேதி எழுதறதுக்கு அது எவ்வளவோ மேல்.

2017 ஜூன்ல சென்னை கான்சுலேட்ல, ஜெமினி மேம்பாலத்துப் பக்கத்துல, முதல் இன்டர்வியூ. ரெண்டு நிமிஷம் கூட ஆகல, ஒரு காகிதத்தக் கொடுத்து அனுப்பிட்டாங்க, 214 பிங்கற பிரிவுல மறுப்பு. இதுதான் மூணாவது விஷயம், ஆனா உண்மையிலேயே பெரிய மலை இதுதான். தடை முடிஞ்சது, பொய் சொல்லல, எல்லாம் சரி. ஆனா விசிட் விசா கேக்கற எல்லாரையும் அந்தச் சட்டம் "இவங்க அங்கயே தங்கிடப் போறாங்க"ன்னுதான் முதல்ல நினைக்கச் சொல்லுது, இல்லன்னு நிரூபிக்கறது நம்ம பொறுப்பு. ஏற்கனவே ஒரு தடவை தங்கினவங்களுக்கு அந்தச் சந்தேகம் ரெண்டு மடங்கு. இந்த மறுப்புக்கு அப்பீல் கிடையாது, ஆனா திரும்ப விண்ணப்பிக்கலாம், இத்தனை நாள் பொறுக்கணும்னும் இல்ல. எதுவும் மாறாம அதே ஃபாரத்தக் கொண்டு போனா அதே பதில்தான் வரும், அதனால அவசரப்படாம எட்டு மாசம் எடுத்துக்கிட்டோம்.

அந்த எட்டு மாசத்துல என்ன பண்ணோம்னு விவரமா சொல்றேன், இதுதான் பலருக்கு உதவும்னு நினைக்கறேன். வக்கீல் நோட்டீஸ் மாதிரி எதுவும் எழுதல. பெரியம்மாவே தமிழ்ல சொல்லச் சொல்ல நான் ஒரு பக்கத்துக்கு ஒரு கடிதம் இங்கிலீஷ்ல அடிச்சேன். எந்த தேதி வரைக்கும் அனுமதி, எந்த தேதி கிளம்பினேன், எத்தனை நாள் அதிகம், ஏன், இதை முதல் பத்தியிலயே மறைக்காம. அதோட குழந்தை இருந்த ஆஸ்பத்திரியோட டிஸ்சார்ஜ் பேப்பர், ஆஸ்பத்திரி பில்ல அக்காவோட இன்சூரன்ஸ்தான் கட்டுச்சுங்கறதுக்கான காகிதம், சென்னை முத்திரை இருக்கற பக்கத்தோட நகல். இங்க திரும்பி வர என்ன கட்டாயம்னு காட்ட பென்ஷன் புத்தகம் வச்சோம், அரசு பென்ஷன் வாங்கறவங்க வருஷா வருஷம் கருவூலத்துல நேர்காணல் கொடுக்கணும் இல்லையா, நாலு வருஷமா அவங்க நேர்ல போய் கொடுத்ததுக்கான சீட்டு எல்லாம் இருந்துச்சு. வீட்டு வரி ரசீது. பெரியப்பாவுக்கு சுகர், வாரா வாரம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறது இவங்கதான், அந்த டாக்டர் எழுதின சீட்டு. அப்புறம் எத்தனை நாள் போகப் போறோம்ங்கறத "ஆறு மாசம்"னு இழுக்காம பேத்தி ஸ்கூல் லீவுக்கு ஏத்த மாதிரி ரெண்டு மாசம்னு சுருக்கிப் போட்டோம். அங்க கவுன்ட்டர்ல காகிதத்த வாங்கிப் பாக்கணும்னு கட்டாயம் இல்ல, பெரும்பாலும் பாக்கவும் மாட்டாங்க, ஆனா இதெல்லாம் அடுக்கி வச்ச பிறகு பெரியம்மா பேச்சுல ஒரு தெளிவு வந்துடுச்சு, அதுதான் முக்கியம்.

2018 பிப்ரவரில ரெண்டாவது இன்டர்வியூ, தமிழ்லயே கேட்டாங்களாம். "அப்போ ஏன் நேரத்துக்குத் திரும்பி வரல?"

"தப்பு என் மேலதாம்மா. விசா தேதிய பாத்தேன், கார்டு தேதிய பாக்கல. பேத்தி எட்டாம் மாசம் பொறந்தா, பொண்ண விட்டுட்டு வர மனசு வரல."

"இப்போ போனா திரும்பி வருவீங்கன்னு எப்படி நம்பறது?"

"வீட்டுக்காரருக்கு காலைல ஊசி போடறது நான்தான். ரெண்டு மாசத்துக்கு என் தங்கச்சி வந்து இருக்கறேன்னு சொல்லியிருக்கா, அதுக்கு மேல அவளாலயும் முடியாது."

பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாங்க. வாங்கி வச்சுக்கிட்டா விசா உண்டுன்னு அர்த்தம்னு பெரியம்மாவுக்கு தெரியாது, வெளிய வந்து "பாஸ்போர்ட்டையே புடுங்கிட்டாங்கடா"ன்னு கண்ணு கலங்கி நின்னாங்க, நான் ரோட்டுலயே கட்டிப் பிடிச்சுக்கிட்டேன்.

இவங்களுக்கு தடை முடிஞ்சுடுச்சு. தடை ஓடிக்கிட்டிருக்கும்போதே போகணும்னா, உதாரணமா 10 வருஷத் தடைல அஞ்சாவது வருஷம், தங்கச்சிக்கு டல்லாஸ்ல கல்யாணம், இல்ல அங்க இருக்கற அண்ணனுக்கு உடம்பு சரியில்ல, அதுக்கும் கதவு இருக்கு, அதுக்குப் பேர் வெய்வர், அதாவது தடை இருந்தும் தற்காலிகமா வந்துட்டுப் போக விலக்கு. சட்டத்துல 212 டி 3ன்னு சொல்வாங்க. தூதரகம் வழியா கேக்கும்போது இதுக்குன்னு தனி ஃபாரம் கிடையாது, இன்டர்வியூல ஆபீசர்கிட்டதான் கேக்கணும். அவர் முதல்ல, முன்னாடி சொன்ன அந்த 214 பி சந்தேகத்துல இருந்து நாம விடுபட்டுட்டோமான்னு பாப்பார், அது தேறினாத்தான் விலக்கு கொடுக்கலாம்னு பரிந்துரை எழுதுவார், அதை அமெரிக்க எல்லைப் பாதுகாப்புத் துறைல இதுக்குன்னே இருக்கற ஒரு ஆபீஸ் முடிவு பண்ணும். உடனே வராது, மாசக்கணக்குல ஆகலாம், கல்யாணத் தேதி குறிச்ச பிறகு ஓடினா கைக்கு எட்டாது.

முடிவு பண்றதுக்கு அவங்க பாக்கற அளவுகோல் 1978-ல வந்த ஒரு தீர்ப்புல இருந்து வந்தது, லாயருங்க 'ஹ்ராங்கா'ன்னு சொல்வாங்க. நாடு கடத்தப்பட்ட ஒரு கனடாப் பொண்ணு, அமெரிக்காவுல இருக்கற சொந்தக்காரங்களப் பாக்கணும், ஊர் சுத்தணும்னு கேட்டு, கீழ மறுத்து, மேல முறையீட்டுல கிடைச்ச தீர்ப்பு அது. இவங்கள உள்ள விட்டா சமூகத்துக்கு என்ன ஆபத்து, முன்னாடி பண்ண தப்பு எவ்ளோ பெருசு, எதுக்காக வர்றாங்க, இந்த மூணத்தான் எடை போடணும்னு சொன்னாங்க. அதுல ஒரு வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும், வர்றதுக்கான காரணம் தலை போற காரியமா இருக்கணும்னு அவசியமில்லங்கறது. சாவு, சீரியஸ்னு ஏதாவது இருந்தாத்தான் கேக்கணும்னு நம்ம ஆளுங்க நினைச்சுக்கறாங்க, அப்படி இல்ல, பேரன் பேத்திய பாக்கணும்ங்கறது போதும், அதை உண்மையா சொல்லணும். வெறும் ஓவர்ஸ்டே, வேற எந்தக் குற்றமும் இல்லன்னா அந்த எடைல உங்க பக்கம் கனம் கூடும். கொடுத்தே ஆகணும்னு கட்டாயம் மட்டும் கிடையாது.

இங்க ஒரு விசித்திரம் இருக்கு, தெரிஞ்சு வச்சுக்கறது நல்லது. விசிட்டுக்கு இல்லாம, பிள்ளை ஸ்பான்சர் பண்ணி அம்மாவுக்கு கிரீன் கார்டு வாங்கணும்னா, இதே 3, 10 வருஷத் தடைக்கு வேற வெய்வர், ஐ-601. அதுக்கு அமெரிக்க குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்கற கணவன், மனைவி, இல்லன்னா அப்பா அம்மா யாராவது இருந்து, நீங்க இல்லாம அவங்க ரொம்ப கஷ்டப்படுவாங்கன்னு காட்டணும். பிள்ளை கஷ்டப்படறது அந்தக் கணக்குல நேரடியா வராது! ஸ்பான்சர் பண்றதே பிள்ளைதான், ஆனா அவன் கஷ்டம் கணக்குல இல்ல. அதனால தடைல இருக்கற அம்மா அப்பாவுக்கு கிரீன் கார்டு வழி அடைபட்டிருந்தாலும் விசிட் வெய்வர் வழி திறந்திருக்கலாம், அதுக்கு அந்த மாதிரி உறவு நிபந்தனை எதுவும் இல்ல. ஆனா கிரீன் கார்டுக்கு மனு போட்டு வச்சிருந்தா, தங்கற எண்ணம் இருக்குன்னு விசிட் விசாவுல அது குறுக்க வரும். எது முதல்ல வேணும்னு வீட்ல உக்காந்து பேசி முடிவு பண்ணிட்டு அப்புறம் போடுங்க.

லண்டன்ல சொந்தம் இருக்கறவங்க கேப்பீங்க, அதனால ஒரு வரி. பிரிட்டன்ல கணக்கே வேற. 2017 ஏப்ரல் 6-க்கு அப்புறம் ஆரம்பிச்ச ஓவர்ஸ்டேன்னா 30 நாளுக்குள்ள சொந்தக் காசுல தானா கிளம்பிட்டா பெருசா எடுத்துக்க மாட்டாங்க, அதுக்கு மேல இருந்துட்டு சொந்தக் காசுல கிளம்பினா 12 மாசம், அரசு செலவுல கிளம்பினா நிலைமையப் பொறுத்து 2 இல்ல 5 வருஷம், நாடு கடத்தினாலோ விண்ணப்பத்துல ஏமாத்தினாலோ 10 வருஷம். விசிட் விசா மறுத்தா குடும்பத்தப் பாக்கப் போறவங்களுக்கு முன்னாடி இருந்த முழு அப்பீல் உரிமைய 2013 ஜூன்ல எடுத்துட்டாங்க. அங்கயும் தடை முடிஞ்சதும் அதிகாரி கேக்கற கேள்வி ஒண்ணுதான், திரும்பிப் போவீங்களா.

பெரியம்மா 2018 ஜூன் கடைசில நூவர்க்ல இறங்கினாங்க. விசா இருந்தும் ஏர்போர்ட்ல தனி ரூமுக்கு கூட்டிட்டுப் போய் உக்கார வச்சாங்க, பழைய பதிவு திரைல வந்திருக்கும், இது நடக்கும்னு முன்கூட்டியே சொல்லி வச்சிருந்ததால பயப்படல, அதே கடிதம், அதே பதில், ரிட்டர்ன் டிக்கெட்டக் காட்டினாங்க, நாப்பது நிமிஷத்துல விட்டுட்டாங்க. இந்த மாதிரி பழைய கதை இருக்கறவங்க ஆஸ்பத்திரி பேப்பர், கடிதம் எல்லாத்தையும் செக்-இன் பெட்டில போடாம கைப்பைல வச்சுக்கணும், அந்த ரூம்ல இருக்கும்போது பெட்டி பெல்ட்டுல சுத்திக்கிட்டிருக்கும்.

பார்க்கிங்ல கார் எடுக்கறதுக்கு முன்னாடியே அக்கா போன்ல ஐ-94 எடுத்துப் பாத்தா, ஆறு மாசம் கொடுத்திருந்தாங்க. அதை வீட்டுக்குப் போய் பிரிண்ட் போட்டு ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டினா. அஞ்சு வயசுப் பேத்தி பாட்டிய போன்லயே பாத்துப் பழகினவ, முதல் ரெண்டு நாள் கிட்டயே வரல, மூணாவது நாள் பெரியம்மா புட்டு அவிச்சு சர்க்கரை போட்டு உருட்டிக் கொடுத்த பிறகு மடிய விட்டு இறங்கல. ஆறு மாசம் இருந்தும் சொன்ன மாதிரியே ஆகஸ்ட் கடைசில கிளம்பிட்டாங்க. திரும்பி வந்த போர்டிங் பாஸையும் சென்னைல குத்தின முத்திரை ஜெராக்ஸையும் அந்தப் பழைய பாஸ்போர்ட்டோட ஒரே கவர்ல போட்டு பீரோவுல வச்சிருக்காங்க, அடுத்த தடவை கேட்டா காட்டறதுக்கு.